மகள் தாதி வேலைக்குப் புறப்படுகிறாள்: வழியனுப்புமுன் சில கேள்விகள்

கொழும்பு 14 என்று கடிதங்களில் எழுதப்படும் கிராண்ட்பாஸ், பழங்காலம் தொட்டே ஆறு கடக்கும் இடம். களனி ஆற்றைத் தாண்டி வடக்கே போனவர்களும், வடக்கேயிருந்து நகருக்குள் வந்தவர்களும் இந்தத் துறையில்தான் ஏறி இறங்கினார்கள். 1822இல் ஆங்கிலேயர் படகுகளை வரிசையாகப் பிணைத்து இங்கே ஒரு மிதக்கும் பாலம் அமைத்தார்கள். 1895இல் அதன் இடத்தில் இரும்பினாலான விக்டோரியாப் பாலம் வந்தது. வெள்ள காலத்தில் வானொலியில் நாம் கேட்கும் நாகலகம் வீதி நீர்மட்டமும் இங்கேதான் அளக்கப்படுகின்றது.

இன்று இந்தத் துறையில் வேறொரு கடத்தல் நடைபெறுகின்றது. வன்னியிலிருந்தும், யாழ்ப்பாணத்திலிருந்தும், மட்டக்களப்பிலிருந்தும் வந்த இளம் பெண்கள் கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இருவர் மூவராக அறை எடுத்துத் தங்கியிருக்கின்றார்கள். ஒருத்தி தாதியப் படிப்பு என்ற பெயரில் நடக்கும் வகுப்புக்குப் போகின்றாள். ஒருத்தி தனியார் வைத்தியசாலையில் இரவு வேலை செய்கின்றாள். இன்னொருத்தி விசா வருமென்று காத்திருக்கின்றாள். இவர்களின் பெற்றோர் பெரும்பாலும் உங்களைப் போன்ற கமக்காரர்கள். ஒரு முறையல்ல, பல முறை இடம்பெயர்ந்தவர்கள்.

அந்தப் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரியானது. "சுவாமி, பிள்ளைக்கு நேர்ஸ் வேலையாம். ஆறு மாசப் படிப்பாம். முடிச்சவுடனே வெளியில அனுப்புவினமாம். காணி உறுதியை ஈடு வைக்கலாமோ?"

இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. நன்றாகப் போய், நன்றாக வாழும் பிள்ளைகளும் உண்டு. கையில் ஒன்றுமின்றித் திரும்பியவர்களும் உண்டு. இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் அதிர்ஷ்டமல்ல. புறப்படுமுன் சில கேள்விகள் கேட்கப்பட்டனவா என்பதே அந்த வேறுபாடு. அந்தக் கேள்விகளை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் தாதி வேலை?

எமது மக்களிடையே தாதித் தொழிலுக்குத் தனி மதிப்பு உண்டு. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த காலம் முதல், வைத்தியசாலை என்பது எமது ஊர்களில் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அடுத்த இடத்தில் இருந்து வந்துள்ளது. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் கடமையில் இருந்தபடியே கொல்லப்பட்டதை எமது மக்கள் மறக்கவில்லை. 2009இல் வன்னியின் கடைசி நாட்களில் பாடசாலைக் கட்டடங்களிலும் கூடாரங்களிலும் காயம் கட்டிய கைகளையும் அவர்கள் மறக்கவில்லை. முகாமில் வளர்ந்த ஒரு சிறுமி "நான் தாதியாக வருவேன்" என்று சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கின்றது.

இன்னொரு காரணம் நிலம். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பிச் சென்றவர்களிற் பலர் தம் சொந்த வயலுக்குத் திரும்பவில்லை. திரும்பியவர்கள் கண்ட வயல் பழைய வயலாகவும் இருக்கவில்லை. கிணறு தூர்ந்திருந்தது, வரம்பு அழிந்திருந்தது, கண்ணிவெடி எடுத்து முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுந்து நிற்கத் தொடங்கிய வேளையில் 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. அது அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. 2022இல் முழு நாடும் பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலை தேடி நாட்டை விட்டுச் சென்றதாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கணக்குச் சொல்லுகின்றது.

ஆகவே, நிலம் தராத பாதுகாப்பை மகளின் தொழில் தரட்டும் என்று ஒரு குடும்பம் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தத் தொழில் உண்மையில் எது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஒரே பெயரில் நான்கு வேலைகள்

"நேர்ஸ் வேலை" என்று எம் ஊர்களில் சொல்லப்படுவது உண்மையில் நான்கு வெவ்வேறு வேலைகள்.

முதலாவது, பதிவு பெற்ற தாதி. நோயாளிக்கு மருந்து கொடுக்கவும், ஊசி போடவும், சத்திர சிகிச்சைக் கூடத்தில் நிற்கவும் பயிற்சியும் உரிமையும் உள்ளவர். இலங்கையில் தாதியரின் பதிவுக்கும் தொழில் ஒழுங்குக்கும் உரியது, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தாதியர் பேரவை.

இரண்டாவது, தாதி உதவியாளர். வைத்தியசாலையில் தாதிக்குத் துணையாக நிற்பவர்.

மூன்றாவது, பராமரிப்பாளர். முதியவர்களையும் நடமாட முடியாதவர்களையும் வீட்டிலோ இல்லத்திலோ பார்த்துக்கொள்பவர்.

நான்காவது, வீட்டுப் பணிப்பெண். வீட்டு வேலையோடு குழந்தையையோ கிழவரையோ பார்க்கும்படி விடப்படுபவர்.

நான்குமே நேர்மையான வேலைகள். நான்கிலும் மனித மதிப்பு உண்டு. ஆனால் நான்குக்கும் சம்பளம் வேறு, சட்டப் பாதுகாப்பு வேறு, எதிர்காலம் வேறு. முதலாவது வேலைக்கென்று பணம் வாங்கி நான்காவது வேலைக்கு அனுப்புவதுதான் ஏமாற்று.

நீங்கள் விதைநெல் வாங்கும்போது என்ன பார்க்கிறீர்கள்? கடைக்காரர் "நல்ல விதை" என்று சொன்னால் மட்டும் போதுமா? சாக்கில் விவசாயத் திணைக்களத்தின் சான்றுச் சீட்டு இருக்கின்றதா என்று திருப்பிப் பார்க்கிறீர்கள் அல்லவா? ஆறு மாதப் படிப்பு, ஒரு வருடப் படிப்பு என்று விளம்பரம் செய்பவரிடமும் அவ்வாறே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படிப்பை முடித்தால் என் மகளின் பெயர் தாதியர் பேரவையின் பதிவேட்டில் ஏறுமா?" அவர் ஆம் என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். பிறகு பேரவையிடமே விசாரியுங்கள். சுவரில் தொங்கும் படங்களும், வெள்ளை உடையில் எடுத்த பட்டமளிப்புப் புகைப்படங்களும் பதிவுக்கு ஈடாகா.

பதிவுபெற்ற தாதியாவதற்குத் தெரிந்த வழிகள் உள்ளன. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரி, தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் மூன்று வருடப் பயிற்சி அளிக்கின்றது. இதற்குப் பெற்றோர் கட்டணம் கட்டுவதில்லை. பயிற்சிக் காலத்தில் பிள்ளைக்கே மாதக் கொடுப்பனவு உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் என்ன பாடங்கள் தேவை, வயது எல்லை என்ன என்பவை அந்தந்த ஆண்டு வர்த்தமானியில் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தாதியப் பட்டப்படிப்பு உண்டு. இவ்வழிகள் மெதுவானவை, போட்டியும் உண்டு. ஆனால் காணி உறுதியை ஈடு வைக்க வேண்டியதில்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளை என்ன செய்வது? பராமரிப்பாளர் பயிற்சிக்குத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் உண்டு. அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் அதைக் குறைந்த செலவில் பெறலாம். தனியார் நிலையமாயின், அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை பராமரிப்பாளராகவே, பராமரிப்பாளருக்குரிய சான்றிதழோடு, பராமரிப்பாளருக்குரிய ஒப்பந்தத்தோடு போகட்டும். தாதி என்ற பொய்ப் பெயர் அவளுக்கு வேண்டாம்.

பொய்ப் பத்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மூதூரின் ரிசானா நபீக் சாட்சி. 1988இல் பிறந்த அவளுக்கு 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுக்கப்பட்டது. 2005இல் சவூதி அரேபியாவுக்குப் போனபோது அவளுக்கு வயது 17. பணிப்பெண்ணாகப் போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. போய்ச் சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. பாலூட்டும்போது புரையேறியது என்று அவள் சொன்னாள்; கொலை என்று தீர்ப்பு வந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. குழந்தை பராமரிப்பில் அவள் எந்தப் பயிற்சியும் பெற்றிருக்கவில்லை. கடவுச்சீட்டிலிருந்த பொய் வயது அவளது உண்மையான வயதை மறைத்து நின்றது.

கொழும்பே முதற் கடவை

வெளிநாட்டைப் பற்றிப் பேசுமுன் கொழும்பைப் பற்றிப் பேச வேண்டும். கிளிநொச்சியில் பிறந்த பிள்ளைக்கு முதலாவது அந்நிய ஊர் துபாயோ இலண்டனோ அல்ல, கொழும்புதான்.

இங்கே முதலில் மொழி. நோயாளி வலியைச் சொல்லுவது தன் தாய்மொழியில். சிங்களம் தெரியாத தாதி கொழும்பு வைத்தியசாலை விடுதியில் பாதித் தாதிதான். தமிழ் தெரியாத தாதி வவுனியாவிலும் அவ்வாறே. 2007 முதல் அரச சேவையில் சேருவோர் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருக்கின்றது. உங்கள் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்களில் சிங்களமும் ஆங்கிலமும் படிக்கட்டும். அதற்கு ஆகும் செலவு முகவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு துளி. ஆனால் அதை எவரும் பிள்ளையிடமிருந்து பறிக்க முடியாது.

இரண்டாவது, தங்குமிடம். அறை வாடகை, முற்பணம், சாப்பாடு, பஸ் கூலி ஆகியவற்றைக் கூட்டிக் கணக்குப் பார்க்காமல் அனுப்பினால், மூன்றாம் மாதத்தில் பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் கடன் படத் தொடங்குவாள். இரவு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு அறை எங்கே இருக்கின்றது, வழி எப்படி, வீட்டுக்காரர் யார் என்பவற்றைப் பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து பார்ப்பது நல்லது. கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் கலந்து வாழ்கின்றார்கள். நல்ல அயலவர் கிடைத்தால் பிள்ளைக்குப் பெரிய துணை. ஆனால் அறை களனியின் தாழ்ந்த கரையிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்கும் ஓடிப் பழகியவள் என்பதற்காக அவள் மறுபடியும் ஓட வேண்டியதில்லை.

மூன்றாவது, மூலச் சான்றிதழ்கள். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலப் பிரதிகளை எந்த முதலாளியிடமும், எந்த நிலையத்திடமும் விட்டுவைக்க வேண்டாம். காட்டலாம், பிரதி கொடுக்கலாம், கையளிக்கக் கூடாது. யுத்தத்தில் பத்திரங்களைத் தொலைத்து, ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகக் கச்சேரி கச்சேரியாக அலைந்த உங்களுக்கு இதன் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கேரளத்துத் தாதியரிடம் கற்க வேண்டியவை

தாதி வேலைக்காக ஊர்விட்டுப் போவதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் எம் அயலவரான கேரள மக்கள். அவர்களும் பெரும்பாலும் சிறு நிலம் வைத்திருந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளே.

1960களில் ஜேர்மனியின் கத்தோலிக்க வைத்தியசாலைகளில் தாதியர் பற்றாக்குறை நிலவியது. கேரளத் திருச்சபையின் ஊடாகப் பல இளம் பெண்கள் அங்கே சென்றார்கள். மொழியையும் தொழிலையும் அங்கேயே படித்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு எழுந்தது. தம்பி தங்கையர் படித்தார்கள். ஆனால் 1970களின் பிற்பகுதியில் அந்நாட்டில் வேலை நிலைமை மாறியபோது, பலருக்கு வேலை அனுமதி நீடிக்கப்படவில்லை, திரும்ப நேர்ந்தது. அழைத்த நாடு தன் தேவை முடிந்ததும் கதவை மூடலாம் என்பது அன்றைய பாடம்.

இந்தியாவுக்குள்ளேயே மும்பைக்கும் டில்லிக்கும் போன கேரளத் தாதியர் ஏராளம். இந்தியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தாதியர் பதிவேடு இருந்து வந்துள்ளது; மாநிலம் மாறிப் போகும் தாதி அங்கும் பதிவைச் செய்துகொள்வது வழக்கம். ஆனால் பதிவு இருந்தும் பலர் தனியார் வைத்தியசாலைகளின் பிணை ஒப்பந்தத்தில் அகப்பட்டார்கள். இத்தனை வருடம் வேலை செய்வேன், இடையில் விட்டால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று கையெழுத்து வாங்கி, மூலச் சான்றிதழ்களையும் பிடித்து வைத்தார்கள். 2011 ஒக்டோபரில் மும்பையில் கேரளத் தாதி ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சான்றிதழைத் திருப்பிக் கொடுக்காததே காரணம் என்று சக தாதியர் குற்றஞ்சாட்டி வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டம் டில்லிக்கும் கேரளத்துக்கும் பரவியது. தாதியர் சங்கங்கள் பலமடைந்தன. 2016இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பணிப்பின்பேரில் அமைந்த குழு, 50 கட்டிலுக்குக் குறைந்த சிறு தனியார் வைத்தியசாலையிலும் தாதிக்கு மாதம் 20,000 இந்திய ரூபாவுக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனித்தனியே அழுதவர்கள் ஒன்றுசேர்ந்து பேசியபோதுதான் உயர்ந்த இடத்தில் காது கேட்டது.

2014இல் ஈராக்கில் நடந்தது இன்னும் அழுத்தமான பாடம். திக்ரித் நகர் ஆயுதக் குழுவின் கையில் விழுந்தபோது, அங்குள்ள வைத்தியசாலையில் 46 இந்தியத் தாதியர் அகப்பட்டார்கள், பெரும்பாலோர் கேரளத்தவர். ஜூலை 5ஆம் திகதி அவர்கள் கொச்சி விமான நிலையத்தில் பத்திரமாக வந்திறங்கினார்கள். ஆனால் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிய நாட்களிலும் அவர்களிற் சிலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். படிப்புக்கும் பயணத்துக்கும் வாங்கிய கடன் வீட்டில் காத்திருந்தது. செய்த வேலைக்குச் சம்பளமும் வந்திருக்கவில்லை. யுத்தத்துக்குள்ளே அவர்களை நிறுத்தி வைத்தது துப்பாக்கி மட்டுமல்ல, கடனும்தான்.

அடுத்த ஆண்டு இன்னொரு செய்தி வந்தது. குவைத்துக்குத் தாதியரை அனுப்பிய முகவர் ஒருவர், 19,500 இந்திய ரூபா மட்டும் அறவிட வேண்டிய இடத்தில் 19.5 இலட்சம் ரூபா வரை அறவிட்டதாக வழக்குப் பதிவாகியது. 2015இல் இந்திய அரசு, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்குத் தாதியர் அரச முகவர் நிறுவனங்கள் ஊடாகவே போக வேண்டும் என்று விதித்தது. கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021 டிசெம்பரில் ஜேர்மனியின் அரச வேலைவாய்ப்பு முகவரகத்தோடு ஒப்பந்தம் செய்து, தாதியரிடம் கட்டணம் வாங்காமல் மொழிப் பயிற்சியும் கொடுத்து அனுப்பி வருகின்றது. அன்று கதவை மூடிய அதே நாட்டுக்கு இன்று அரச ஒப்பந்தத்தோடு போகின்றார்கள். அரை நூற்றாண்டு அனுபவம் கற்றுக்கொடுத்த முன்னேற்றம் இது.

கடல் கடக்குமுன்

எமது நாட்டிலும் சட்டம் இருக்கின்றது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. அனுமதிப் பத்திரம் பெற்ற முகவர் மட்டுமே ஆட்களை அனுப்பலாம். ஒரு முகவர் உண்மையானவரா, அந்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கின்றதா என்பதை 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். காசு கொடுத்த பிறகு கேட்பதில் பயன் குறைவு, கொடுக்குமுன் கேளுங்கள்.

"முதலில் சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றலாம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 2022இல் அவ்வாறு ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் பட்ட துன்பம் நாடறிந்தது.

பதிவுபெற்ற தாதிக்கு வெளிநாட்டில் உள்ள வழி நீண்டது; ஆனால் வெளிச்சமானது. வளைகுடா நாடுகளில் சான்றிதழ்கள் மூல நிறுவனத்திலேயே சரிபார்க்கப்படும். தொழில் அனுமதிப் பரீட்சையும் இருக்கும். பிரித்தானியாவில் அந்நாட்டுத் தாதியர் பேரவையில் பதிய வேண்டும். அதற்கு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையாயின் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 புள்ளி, எழுத்தில் 6.5. அதன்பின் கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. தாதியரைச் சேர்க்க முகவர் அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரித்தானிய அரசின் ஒழுக்கக் கோவை. ஆகவே, "இலண்டன் வைத்தியசாலை வேலைக்கு இத்தனை இலட்சம்" என்று கேட்பவர் அந்த முதல் வார்த்தையிலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கின்றார்.

பராமரிப்பாளர் வழி இன்னும் வேகமாக மாறுவது. பிரித்தானியாவின் பராமரிப்பாளர் விசாவுக்கென்று பல குடும்பங்கள் பெருந்தொகை கொடுத்தன. 2024 மார்ச் முதல் அந்த விசாவில் போவோர் தம் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது என்றாயிற்று. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளரைச் சேர்க்கும் அந்த வழியே மூடப்பட்டது. இன்றும் அந்த விசாவை வாங்கித் தருவதாகச் சொல்லி வருபவரிடம் ஏமாற வேண்டாம். இஸ்ரேலில் வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு அரசாங்கங்களுக்கிடையிலான ஒழுங்கின்படி இலங்கையர் போகின்றார்கள். அங்கு 2023 ஒக்டோபர் 7ஆம் திகதித் தாக்குதலில் இலங்கைப் பராமரிப்பாளர்களும் உயிரிழந்தார்கள். யுத்தத்திலிருந்து தப்பிய குடும்பம் இன்னொரு யுத்தத்துக்குள் பிள்ளையை அனுப்புகின்றதா என்பதையும் கேட்க வேண்டியிருக்கின்றது.

கடனின் கணக்கு

இனிக் காணி உறுதிக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முகவருக்கும் பயணத்துக்குமாக 10 இலட்சம் ரூபாவை மாதம் நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 30,000 ரூபா. ஒரு வருடத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம். முதல் இன்னும் அப்படியே நிற்கும். பிள்ளைக்கு விசா ஆறு மாதம் தாமதித்தால், அவள் ஒரு நாளும் வேலை செய்யுமுன்னே 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வட்டி ஏறியிருக்கும்.

பணத்தை விடப் பெரிய இழப்பு ஒன்று இதில் உண்டு. கடனோடு போன பெண் "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை இழக்கின்றாள். சம்பளம் குறைந்தாலும், முதலாளி கை நீட்டினாலும், ஒப்பந்தத்தில் இல்லாத வேலையைக் கொடுத்தாலும் அவள் வாய் திறக்க மாட்டாள். வீட்டில் கிடக்கும் உறுதிதான் அவள் வாயை மூடும். திக்ரித்தின் தாதியருக்கு நடந்தது இதுதான்.

ஆகவே எமது ஆலோசனை சுருக்கமானது: பிள்ளை நாளைக்கே திரும்பி வந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகையை மட்டும் செலவிடுங்கள். அதற்கு மேல் கேட்கும் வழி உங்களுக்குரிய வழியல்ல. குடும்பத்துக்கு எஞ்சியிருக்கும் காணியை ஈடு வைக்க வேண்டாம். திரும்பி வர ஓர் இடம் இருக்கும் வரைதான் போவது பயணம். அந்த இடமும் போய்விட்டால் அது இன்னோர் இடம்பெயர்வு. நாம் போதுமான அளவு இடம்பெயர்ந்துவிட்டோம்.

போகும் தாதியும் இருக்கும் வைத்தியசாலையும்

இன்னொரு பக்கமும் உண்டு. 2022இல் அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்ற சுற்றறிக்கை வந்தது. தாதியரும் போனார்கள். தாதி போன விடுதியில் எஞ்சிய தாதி இருவரின் வேலையைச் செய்கின்றாள். அங்கே கட்டிலில் கிடப்பவர் உங்கள் தந்தையாகவும் இருக்கலாம்.

இதற்காகப் பிள்ளைகளைப் போக வேண்டாம் என்று தடுப்பது நியாயமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்ட நெறிக்கோவை இரண்டையும் சொல்லுகின்றது: சுகாதார ஊழியருக்கு நாடு விட்டுப் போகும் உரிமை உண்டு, தாதியரைக் கூட்டிச் செல்லும் பணக்கார நாடுகளுக்கும், தாதியரை இழக்கும் நாடுகளுக்கும் கடமை உண்டு. ஏழைக் கமக்காரன் மகளின் தலையில் மட்டும் நாட்டுப்பற்றின் பாரத்தை ஏற்ற முடியாது. சம்பளமும் மரியாதையும் தங்குமிடமும் கிடைத்தால் சொந்த மாவட்டத்தில் வேலை செய்ய விரும்பும் பிள்ளைகள் பலர். அவற்றை மாவட்ட மட்டத்தில் கேட்டு வாங்குவதும் எமது சங்கங்களின் வேலைதான்.

கிராமத்தில் செய்யக்கூடியவை

ஒவ்வொரு குடும்பமும் தனியே முகவரைச் சந்திப்பதே முகவருக்கு வசதி. மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஒரு சிறு குழுவை அமைக்கலாம். போகும் பிள்ளையின் ஒப்பந்தம், கடவுச்சீட்டு, விசா, முகவரின் அனுமதி இலக்கம், வேலை செய்யும் இடத்தின் முகவரி ஆகியவற்றின் பிரதிகளை அக்குழு ஒரு கோவையில் வைத்திருக்கலாம். ஒப்பந்தத்தை ஆங்கிலம் தெரிந்த ஆசிரியரைக் கொண்டு எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பிக்கலாம். சம்பளம் பிள்ளையின் சொந்தப் பெயரிலான கணக்கில் விழ ஒழுங்கு செய்யலாம். போய் வந்தவர்களை அழைத்து, உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லலாம். வெற்றியை மட்டும் சொல்லும் கடிதங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எம் ஊர்கள் ஏமாந்தன.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே இதைச் சொல்லத் தொடங்க வேண்டும். தாதியாக விரும்பும் பிள்ளைக்கு விஞ்ஞான ஆசிரியர் தேவை. முகவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பகுதியைப் பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாலை வகுப்புக்குக் கொடுத்தால், ஒரு கிராமத்திலிருந்து ஒருத்தியல்ல, சிலர் பதிவேட்டில் ஏறுவார்கள்.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது கிராமத்திலிருந்து "நேர்ஸ் வேலை" என்று போனவர்கள் மேலே சொன்ன நான்கு வேலைகளில் எதைச் செய்கின்றார்கள்?

2. அவர்கள் போக எவ்வளவு செலவாயிற்று? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? இன்று அக்கடன் தீர்ந்துவிட்டதா?

3. எமது பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் படிக்க முடியுமா? முடியாதாயின் அருகில் எங்கே, எப்படி?

4. எமது வைத்தியசாலையில் எத்தனை தாதியர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கின்றார்கள்? இதை யாரிடம் கேட்பது?

5. ஒரு பிள்ளை நாளை திரும்பி வந்தால், ஏன் வந்தாய் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ள எமது வீடும் ஊரும் ஆயத்தமா?